சீர் லாரியின் கதவு

என் வீட்டுக்காரருக்குத் தங்கையிடம் பேசவேண்டும் என்றால் போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அன்னூருக்கும் பவானிக்கும் நடுவில் ஒன்றும் கடல் கிடையாது. ஆனால் அவர் தனபால். ஊருக்குள் பெரிய மனிதர். அதனால் தங்கையிடம் பேசுவதற்காக ஒரு லாரியைப் பழுதுபார்க்க ஆரம்பித்தார்.

சண்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் தோட்டத்தில் புது வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்தோம். தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து நானும் அவரும் ஊர் ஊராகப் போய் நேரில் அழைத்தோம். அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்தி வீட்டுக்குக்கூடப் போனோம். அவர்கள் எங்களை யாரென்று விசாரித்துவிட்டுத்தான் காப்பி கொடுத்தார்கள். கூடப்பிறந்த ஒரே தங்கை சின்னாத்தாளுக்கு மட்டும் வாட்ஸப்பில் அழைப்பு. எங்கள் மகன் தீபக் செய்த வீடியோ அது. நாதஸ்வரம் வாசிக்க, 'அனைவரும் குடும்பத்துடன் வருக' என்று எழுத்துகள் பறந்து வரும்.

"பவானிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமுங்க" என்றேன்.

"பொறந்தவளுக்குப் போயி என்னம்மணி அழைப்பு? அது அவ ஊடு. அவளே வருவா."

அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இவர் கேட்கவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று அவளும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள். சண்டையைக்கூட 'ங்க' சேர்த்துத்தான் போடுவோம். வாயைத் திறக்காமலே சண்டை போட்டால் அது அதைவிட மரியாதை. இவர் தினமும் காலையில் காப்பி ஆறும்வரை அவளுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்ப்பார். அவள் வைத்த ரோஜாச் செடி, அவள் செய்த பணியாரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பார். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

இந்த வருடம் அவள் மகள் ரித்திகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமனை அழைக்காமல் பந்தக்கால் நட முடியாது. சின்னாத்தாளின் வீட்டுக்காரர் காளிச்சாமி தட்டோடு வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, முறைப்படி அழைத்து, முறுக்கு ஒன்றைக் கடித்துக்கொண்டே வாசலைப் பார்த்தார். வாசலில் அவருடைய கார் நின்றது. காருக்குள் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன இருந்ததோ, அவ்வளவு கவனம். சரி என்று திரும்பி நாலடி நடந்து பின்னால் பார்த்தேன். கதவு ஒரு சாண் திறந்தது. அடடா, இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கதவிடுக்கில் மாட்டி வெளியே தொங்கிய சேலை நுனியை உள்ளே இழுத்துக்கொண்டு கதவை மறுபடி சாத்திவிட்டாள். சேலைமேல் இருந்த அக்கறை என்மேல் இல்லை. இதை நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

அவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் எழுந்து தோட்டத்துக் கோடிக்குப் போனார். அங்கேதான் என் மாமனார் ஓட்டிய மூக்கு வைத்த பழைய லாரி நின்றது. 'நின்றது' என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். எங்கள் கோழிகள் அதில்தான் முட்டையிடும். சின்னாத்தாளைக் கட்டிக்கொடுத்தபோது அவளுடைய பீரோவும் கட்டிலும் அதில்தான் பவானிக்குப் போயின.

"இதுலதானம்மணி ரித்திகாளுக்குச் சீர் கொண்டுபோறேன்" என்றார். "இதுல போயி மண்டபத்து வாசல்ல எறங்குனா அவ பேசாம இருப்பாளா?"

விஷயம் இதுதான். தாய்மாமன் சீரோடு மண்டப வாசலில் இறங்கவேண்டும். தங்கை ஆரத்தி எடுத்து, "வாங்கண்ணா" என்று வாயைத் திறந்து அழைக்கவேண்டும். அதற்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. ஆறு வருடமாகக் கேட்காத அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஏங்கிப்போயிருந்தார். அதுவும் தப்பிப்போனால் இனி யார் வீட்டு இழவுக்குத்தான் இரண்டு பேரும் பேசுவார்கள் என்று எனக்கும் பயமாக இருந்தது. எனவே கோழிகளை விரட்டினேன்.

டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் திருமலைசாமி வந்து பார்த்தார். கதவு பொருந்தி உட்காரும் சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. குனிந்து, கதவுக்குக் கீழே கேபினைத் தாங்கி நீளமாக ஓடும் பெட்டித் தகட்டை ஒரு ஸ்குரு டிரைவரால் தட்டினார். பொலபொலவென்று செம்பழுப்புத் தூளும், எந்தக் காலத்துக் கம்போ, நாலு தானியமும் கொட்டின.

"எப்படிங்க இருக்குது?" என்றார் இவர்.

"நல்லா இருக்குதுங்க. துருதானுங்க சித்த இருக்குது" என்றார் அவர், கையில் ஒரு கைப்பிடி லாரியை வைத்துக்கொண்டு.

திருமலைசாமி தொழில் தெரிந்தவர்தான். ஆனால் அவருக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. எங்கள் ஊரில் யாருக்குமே வராது. முடியாது என்பதற்கு 'பாக்கலாமுங்க' என்போம். கூடவே கூடாது என்பதற்கு 'நீங்க சொன்னாச் சரிங்க' என்போம். கேட்பவர்தான் புரிந்துகொள்ளவேண்டும். என் வீட்டுக்காரர் அடுத்தவர் சொல்வதைப் புரிந்துகொள்பவராக இருந்தால் எனக்கு ஏன் இவ்வளவு நரை.

அவர் யூடியூபில் வெள்ளைக்காரன் துரு நீக்கும் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் கிரைண்டர் சத்தம். பாஷை புரியாது, ஆனாலும் 'ஆமாமா' என்று அவனுக்குப் பதில் சொல்வார். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தோல் உறையும் ஆன்லைனில் வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு லாரி பக்கத்தில் நின்று படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். 'என் கையால் செய்கிறேன்' என்று எழுதினார். சின்னாத்தாளும் அந்த குரூப்பில்தான் இருந்தாள். பார்த்தாள் என்று நீலக்கோடு காட்டியது. அந்த நீலக்கோட்டை அவர் எனக்குக் கொண்டுவந்து காட்டினார்.

வேலை தொடங்கும் நாளுக்கு நல்ல நேரம் பார்க்கப்பட்டது. திருமலைசாமி அறுக்கும் மெஷினோடு வந்துவிட்டார். இரும்புக் குழாய் ஏற்றிவரவேண்டிய வண்டி வரவில்லை. அந்தக் குழாய் எதற்கு என்பதைத் திருமலைசாமி எனக்கே பொறுமையாக விளக்கியிருந்தார். கதவைக் கழற்றிவிட்டு, அந்த வாசலில் குழாயைக் குறுக்கே முட்டுக்கொடுத்து வெல்டு வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு ஒரு பக்கத்து அடித்தகட்டை மட்டும் அறுத்துப் புதிதைப் பொருத்தவேண்டும். அது முடிந்த பிறகே மறுபக்கம். இல்லாவிட்டால் தாங்க ஆளில்லாமல் கேபின் நடுவில் உட்கார்ந்துவிடும்.

இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் போகுதுங்க. பொறவு எமகண்டம் வந்துரும்."

"பைப்பு வந்துரட்டுங்க."

"பைப்பு பொறவு வெச்சுக்கலாமுங்க. ரெண்டு பக்கமும் இப்பவே அறுத்துப்போடுங்க."

"ரெண்டுமுங்களா? ஒவ்வொண்ணாப் பண்ணுனா..."

"ஏனுங்க, ஒரு பக்கம் நல்ல நேரத்துலயும் ஒரு பக்கம் எமகண்டத்துலயும் தொட்டா வண்டி ஒத்துமையா ஓடுமுங்களா? இது அண்ணந்தங்கச்சி ஒண்ணு சேர்ற காரியமுங்க."

திருமலைசாமி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரும்புக்கும் எமகண்டம் உண்டு என்பதை அந்த வெள்ளைக்காரன்கூடச் சொல்லவில்லை. "பைப்பு வரட்டுமுங்க, நாளைக்கு நல்ல நேரமே இல்லாமப் போச்சா?" என்று நான் சொன்னேன். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதை மாட்டினால் காதும் கேட்காது போல.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றார் திருமலைசாமி.

இரண்டு பக்கமும் அறுத்தார்கள். தீப்பொறி பறந்தது, படம் எடுக்கப்பட்டது. நல்ல நேரம் முடியும்போது லாரியிலிருந்து ஒரு முனகல் வந்தது. கேபின், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்கிற ஆள் மாதிரி, மெல்ல நடுவில் சோர்ந்து உட்கார்ந்தது. குழாய் வண்டி அப்போதுதான் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சமாளிப்பு. ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். புதுத் தகட்டை மடித்துப் பெட்டி செய்து வெல்டு வைத்தார்கள். சட்டத்தில் ஓட்டை விழுந்த இடங்களில் ஒட்டுப் போட்டார்கள். எவ்வளவு தூக்கியும் பழைய உயரம் வரவில்லை. கதவை மாட்டினால் மேலே முட்டியது. கதவின் விளிம்பைத் தேய்த்தார்கள், இடைவெளியை அடைக்கப் பட்டிப் பசை பூசினார்கள், அதன்மேல் கிளிப்பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு அதற்குமேல் நாள் இல்லை.

ஓட்டிப் பார்த்த அன்று திருமலைசாமி சொன்னார்: "கதவு சித்த புடிக்குமுங்க. தோள்ல முட்டுனாத் தொறந்துக்கும். ஆனா கேபினு மேல மட்டும் பாரம் ஏத்திப்போடாதீங்க." அவர் வழக்கம்போல, பக்கத்தில் குழந்தை தூங்குவது போன்ற குரலில் சொன்னார். என் வீட்டுக்காரர் அப்போது புதுப் பெயிண்ட்டில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று லாரிக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினார்கள். முன்னால் 'தாய்மாமன் சீர்' என்று ஒரு பிளக்ஸ். அதில் மணப்பெண்ணைவிட இவர் பெரிதாக இருந்தார். பின்னால் தட்டுகளோடு சொந்தமெல்லாம் ஏறிக்கொண்டது. பட்டு வேட்டி கட்டி இவரே ஓட்டினார். பக்கத்தில் நான், மடியில் மணப்பெண்ணுக்குக் கூறைப்புடவைத் தட்டோடு. பலமாக இழுத்து அறைந்துதான் கதவைச் சாத்தினோம். வழியெல்லாம் வேகத்தடை வரும்போது அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். "அவ என்ன சொல்லுவாம்மணி?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். "வாங்கண்ணான்னு சொல்லுவா" என்றேன். அவருக்கு அது போதவில்லை, மறுபடி கேட்டார்.

பவானியில் மண்டபத் தெருமுனைக்கு வந்ததும் ஜமாப் மேளக்காரர்கள் முன்னால் ஆடத் தொடங்கினார்கள். அங்கேதான் வீடியோ எடுக்கும் எழில் வந்து சேர்ந்தார். நல்ல ஆகிருதி. தோளில் கேமரா, இடுப்பில் பேட்டரிப் பை. "மேல இருந்து எடுத்தா சூப்பரா வருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே கேபின் கூரைமேல் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேலே கடக் என்று ஒரு சத்தம். திருமலைசாமி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் மேளம் காதை அடைத்தது.

மண்டப வாசல் தன் பக்கம் வரும்படி வண்டியை அழகாக ஒதுக்கி நிறுத்தினார். என் பக்கம் மண்டபத்துக்கு எதிர்த்த மதில். வாசலில் சின்னாத்தாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் காளிச்சாமி. சுற்றிலும் இரண்டு வீட்டுச் சொந்தமும் கூடி நின்றது.

இவர் சிரித்த முகத்தோடு கைப்பிடியைத் திருகினார். தோளால் முட்டினார். கதவு அசையவில்லை. இன்னும் ஒரு முட்டு. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கழுத்தில் மட்டும் நரம்பு புடைத்தது. நான் என் பக்கம் முட்டிப் பார்த்தேன். அதுவும் சிமெண்ட் வைத்துப் பூசியது போல நின்றது.

"சொல்லுங்க, கதவு தொறக்கலைன்னு சொல்லுங்க" என்றேன்.

"எப்புடி அம்மணி சொல்றது? எங்கையால செஞ்சேன்னு குரூப்புல போட்டு வெச்சிருக்கறனே."

பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வசவெல்லாம் அந்த நேரத்தில் நாக்கு நுனிக்கு வந்தது. மடியில் கூறைப்புடவை இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

வெளியே மேளம் நின்றது. ஆரத்தித் தட்டோடு அவள் நிற்கிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருக்கிறார், இறங்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியம்மா பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்கே கேட்டது: "அன்னிக்கு அவ கார்ல இருந்து எறங்கலியாமா. அதுக்குத்தான் இன்னிக்கு இவரு எறங்க மாட்டேங்கறாரு." அது வாசல் வரைக்கும் பரவ ரொம்ப நேரம் ஆகவில்லை.

சின்னாத்தாளின் முகத்தை நான் பார்த்தேன். சிவந்துபோயிருந்தது. கல்யாண வீட்டில், சம்பந்தி வீட்டார் முன்னால், கூடப்பிறந்தவன் தன்னை இப்படி நிற்க வைத்துவிட்டான் என்று அவள் நினைத்துவிட்டாள். ஆரத்தித் தட்டைக் கீழே தாழ்த்தினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"போறா" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இவர் பாதி இறங்கிய ஜன்னல் கண்ணாடியைக் கையால் பிடித்து முழுக்கக் கீழே தள்ளினார். தலையை வெளியே நீட்டினார்.

"சின்னா!"

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டேன். ஊரே கேட்டது.

"சின்னா, கதவு தொறக்கலைடா! நெசமா, ரித்திகா மேல சத்தியமாத் தொறக்கல! பட்டறைக்காரரு சொன்னாரு, நாங் கேக்கல. நாந்தான் கெடுத்துப்போட்டேன்!" அத்தோடு நிறுத்தாமல், "புண்ணியார்ச்சனைக்கு நேர்ல வந்து கூப்புட்டிருக்கோணும். அதும் என்ற தப்புத்தாஞ் சாமி" என்றார்.

அவள் நின்றாள். தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு வந்தாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிளிப்பச்சை அடித்தகட்டில் ஒரு காலை ஊன்றி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பட்டி ஒரு பொருக்கு உதிர்ந்து அவள் காலில் விழுந்தது. கதவு வரவில்லை. இரண்டு பேர் முகமும் ஜன்னலில் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. இவர் கண்ணிலிருந்து தண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. மீசை மையும் கூடவே இறங்கியது.

"அழுவாதீங்கண்ணா" என்றாள். பிறகு சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அன்னிக்கு எனக்கும் இப்புடியேதானுங்ணா. எறங்கலாம்னுதான் பாத்தேன். காருக் கதவு தொறக்கவே இல்ல. சைல்டு லாக்காமா, என்ன எழவோ."

காளிச்சாமி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். நல்ல மனிதர்.

"அப்புடியா சாமி?" என்றார் இவர். "நாந்தான் தப்பா நெனச்சுப்போட்டேன்."

அண்ணனும் தங்கையும் அழுவதைப் பக்கத்திலிருந்து எடுக்கவேண்டும் என்று எழிலுக்குத் தோன்றியது. கூரையிலிருந்து பின்பக்கமாக இறங்கித் தொப்பென்று தரையில் குதித்தார். தலைக்கு மேலே மறுபடி கடக். என் முழங்கைக்குப் பக்கத்தில், என் பக்கத்துக் கதவு தானாகவே ஒரு சாண் திறந்துகொண்டது.

மதில் பக்கம் யாரும் இல்லை. திறந்துவிட்டது என்று நான் கத்தியிருந்தால் மரியாதையாக இறங்கியிருக்கலாம். ஆனால் அந்த நிமிடம் கதவு சுலபமாகத் திறந்திருந்தால், முதலிலிருந்தே திறக்கும் கதவுதான், இவர் வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தார் என்று அந்தப் பெரியம்மா சாகிறவரை சொல்லியிருப்பாள். நான் கதவை மெல்ல இழுத்தேன். மேளக்காரர்கள் மறுபடி அடிக்கத் தொடங்கியதும், அந்தச் சத்தத்தோடு சத்தமாகப் பலங்கொண்ட மட்டும் அறைந்து சாத்தினேன்.

சின்னாத்தாள் தட்டைத் திரும்ப வாங்கி ஜன்னலிலேயே ஆரத்தி சுற்றினாள். "வாங்கண்ணா" என்றாள். நாலு பேர் தோளைப் பிடிக்க, தாய்மாமன் ஜன்னல் வழியாக இறங்கினார். வேட்டி கைப்பிடியில் மாட்டியது, அதையும் எழில் விடாமல் எடுத்தார்.

"நங்கையா, உங்க பக்கம்?" என்று அண்ணி முறையில் என்னைக் கேட்டாள் சின்னாத்தாள்.

"இங்கயும் அதே கதைதாங் கண்ணு" என்றேன்.

கூறைப்புடவைத் தட்டை வெளியே நீட்டினேன். பிறகு பட்டுச் சேலையோடு, இந்த வயதில், இந்த இடுப்பு வலியோடு, ஸ்டியரிங்கைத் தாண்டி ஜன்னலில் கால் வைத்தேன். சின்னாத்தாள் என் இடுப்பைப் பிடித்து இறக்கினாள். கால் தரையில் பட்டதும் காதருகே மெதுவாகச் சொன்னாள்:

"உங்க பக்கத்துக் கதவு தொறந்துச்சுங்களே நங்கையா. நாம் பாத்தனே."

"உன்ற சேலை நுனி அன்னிக்கு வெளிய தொங்குச்சே. நானும் பாத்தேன்."

அவள் என் கையை விடவில்லை. இரண்டு பேரும் கூறைப்புடவைத் தட்டைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தோம். பின்னால் என் வீட்டுக்காரர், மை வழிந்த மீசையோடு, லாரிக்குத் துரு ஏன் கதவுக்கடியில் முதலில் பிடிக்கிறது என்று காளிச்சாமிக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.